கிடைக்காசு

ஆட்டுக்காரர்களுக்கு நிதியுதவி என்றாலே 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம்தான் ஞாபகம் வரும். குடும்பத்துக்கு நான்கு ஆடு. ஆனால் எங்கள் தேவாரம் பக்கம் அதற்கு ரொம்ப முன்பே ஓர் உதவி இருந்தது நண்பர்களே. கொடுத்தது அரசு இல்லை, சம்சாரி. அதுதான் கிடை.

அறுவடை முடிந்த காட்டில் ராத்திரி செம்மறிகளை அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு, கூலி கிடைக்காரருக்கு (முன்பு தானியம், பிறகு பணம்). மறுநாள் பட்டி பக்கத்து இடத்துக்கு நகரும். இப்படியே நிலம் முழுக்க உரம், வண்டி வாடகைகூட இல்லை! காமர்ஸ் படிக்கிற எனக்கு இதைவிட நல்ல வரவு செலவு தெரியாது.

மானிய யூரியா வந்தது, கிடைக்குக் கிராக்கி குறைந்தது.

2021இல் மத்திய அரசு தேசிய கால்நடை இயக்கத்தை மாற்றி அமைத்தது. 500 பெட்டை, 25 கிடா வைத்துப் பண்ணை போட்டால் செலவில் பாதி, 50 லட்சம் வரை மானியம். சரி, மேய்ச்சல்? அதே வருடம் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. 2022இல் உயர் நீதிமன்றம் காப்பகங்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை போட்டது. புலிக்காக என்றால் எனக்கும் சம்மதமே. ஆனால் மலையடிவார ஆடுகளுக்கு இனி சம்சாரிகளின் காடுதான் மிச்சம். யூரியாவுக்குத் தரும் மானியத்தில் ஒரு பங்கை, கிடை போடுகிற சம்சாரிக்குக் கொடுத்தால் என்ன?