சார்ஜ்பேக்

இணையத்தில் வாங்கிய பொருள் வராவிட்டாலோ, சொன்னதற்கு மாறாக வந்தாலோ, பணம் கட்டிய வழியிலேயே அதைத் திரும்பப் பெறும் நடைமுறை சார்ஜ்பேக் எனப்படுகிறது. வாங்கியவர் தன் வங்கியிடம் முறையிடுவார். வங்கி அந்தத் தொகையைக் கடைக்காரரின் வங்கியிடமிருந்து எடுத்துக்கொள்ளும். கடைக்காரர் தானே மனமொப்பித் தரும் ரீஃபண்டிலிருந்து இது வேறுபட்டது. இங்கே அவருடைய சம்மதம் கேட்கப்படுவதில்லை. பின்னர் ஆவணம் காட்டி எதிர்க்கலாம், அவ்வளவுதான்.

இதன் வரலாறு இணையக் கடைகளுக்கு வெகுகாலம் முன்பே, தபாலில் தொடங்குகிறது. 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் சுமார் 60,000 பேருக்குக் கடன் அட்டைகளை அனுப்பிவைத்தது. யாரும் விண்ணப்பிக்கவில்லை, அட்டை தானாகவே வீடு தேடி வந்தது. கடைக்காரரைச் சேர்க்க வாடிக்கையாளர் வேண்டும், வாடிக்கையாளரைச் சேர்க்கக் கடை வேண்டும் என்ற சிக்கலை வங்கி இப்படி ஒரே வீச்சில் தீர்த்தது. திட்டத்தின் தலைவர் ஜோசப் வில்லியம்ஸ் 4 விழுக்காட்டினர்தான் தவணை தவறுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார். தவறியவர்கள் 22 விழுக்காடு. அடுத்த ஆண்டு முடியுமுன் அவர் பதவியை விட்டு விலகினார்.

வங்கிகளோ பாடம் படிக்கவில்லை. 1966இல் சிகாகோ வட்டாரத்து வங்கிகள் போட்டி போட்டுக்கொண்டு லட்சக்கணக்கான அட்டைகளைத் தபாலில் கொட்டின. சில குடும்பங்களுக்குப் பல அட்டைகள் வந்தன. கைக்குழந்தைகள் பெயரிலும் வந்தன. தபாலில் திருடுபோன அட்டைகளைக் கொண்டு யாரோ சாமான் வாங்க, பில் மட்டும் பெயருக்குரியவரின் வீட்டுக்குப் போனது. இந்தக் கூத்தின் விளைவாக, கேட்காமல் கடன் அட்டை அனுப்புவதை அமெரிக்க நாடாளுமன்றம் 1970இல் தடை செய்தது. திருட்டு அட்டையால் நேரும் இழப்பில் உரியவரின் பொறுப்பு 50 டாலருக்கு மேல் போகக் கூடாது என்றும் விதித்தது.

அடுத்து வந்ததுதான் சார்ஜ்பேக் நடைமுறையின் அடித்தளம்: 1974ஆம் ஆண்டின் நியாயக் கடன் பில்லிங் சட்டம். ஒப்புக்கொண்டபடி வந்துசேராத பொருளுக்கான தொகையையும் இது ‘பில் பிழை’ என்ற வரையறைக்குள் சேர்த்தது. முதல் பில் வந்த 60 நாளுக்குள் வாடிக்கையாளர் எழுத்தில் புகார் தர வேண்டும். வங்கி 30 நாளில் ஒப்புகை அனுப்பி, இரண்டு பில் சுழற்சிகளுக்குள், அதிகபட்சம் 90 நாளில், முடிவு சொல்ல வேண்டும். அதுவரை அந்தத் தொகையைக் கட்டத் தேவையில்லை.

வந்த பொருளின் தரம் பற்றிய தகராறுக்கு மட்டும் வேடிக்கையான ஒரு வரம்பு இருந்தது, இன்னும் இருக்கிறது: பொருளின் விலை 50 டாலரைத் தாண்ட வேண்டும், வியாபாரம் வாடிக்கையாளரின் மாநிலத்திலோ வீட்டிலிருந்து 100 மைலுக்குள்ளோ நடந்திருக்க வேண்டும். கடை எங்கே இருக்கிறது என்றே தெரியாத இணைய வணிகத்தில் இந்த 100 மைலை எங்கிருந்து அளப்பது? நடைமுறையில் விசா போன்ற அட்டை நிறுவனங்களின் சொந்த விதிகள்தான் இந்த ஓட்டையை அடைத்தன.

அதே 1974இல் பிரிட்டனும் நுகர்வோர் கடன் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்குக் கடைக்காரரோடு கடன் அட்டை நிறுவனமும் சேர்ந்தே பொறுப்பு. வெளிநாட்டில் வாங்கியவற்றுக்கும் இது பொருந்தும் என்று 2007இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இரண்டில் பிரிட்டிஷ் சட்டமே நேர்த்தியானது.

சார்ஜ்பேக் புகார்களை வகைப்படுத்துவதில் அட்டை நிறுவனங்கள் நெடுங்காலம் குழப்பியடித்தன. விசா 2018இல் தன் காரணக் குறியீடுகளை மோசடி, அனுமதி, செயலாக்கப் பிழை, வாடிக்கையாளர் தகராறு என்ற நான்கு தலைப்புகளுக்குள் அடக்கியது. பொருள் வரவில்லை என்ற புகாரின் எண் 13.1. பொருள் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கான சான்றைக் கடைக்காரர் காட்டினால் வழக்கு அவர் பக்கம் திரும்பும். இரு தரப்பும் விடாப்பிடியாக நின்றால் விசாவே நடுவராகும். பொருளைப் பெற்றுக்கொண்டே புகார் தருவதை வணிகர்கள் ‘நட்பு மோசடி’ என்கிறார்கள். பில்லில் கடையின் பெயருக்குப் பதில் அடையாளம் தெரியாத எழுத்துகளை அச்சிட்டுவிட்டு இப்படிக் குறைப்படுவது பொருத்தமில்லை.

1998இல் கன்ஃபினிட்டி என்ற பெயரில் பிறந்து, 2002இல் ஈபே வாங்கிய இணையப் பணச் சேவையான பேபால், வங்கிக்கு முன்னால் தனக்கென ஒரு பஞ்சாயத்தை அமைத்துக்கொண்டது. பணம் கட்டிய 180 நாளுக்குள் அங்கே தகராறு பதியலாம். முதலில் வாங்கியவரும் விற்றவரும் பேசித் தீர்க்கப் பார்க்க வேண்டும். 20 நாளுக்குள் அதை உரிமைக்கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் வழக்கு தானாகவே மூடப்படும். மீண்டும் திறக்க முடியாது. பலர் தோற்பது இந்தப் படியில்தான். நண்பருக்கு அனுப்புவதாகக் குறித்துச் செலுத்திய பணத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. கட்டணத்தை மிச்சப்படுத்த அந்த வழியில் அனுப்பச் சொல்லும் விற்பனையாளரிடம் எச்சரிக்கை தேவை.

இந்தியாவில் பேபால் 2021 ஏப்ரலில் உள்நாட்டுச் சேவையை நிறுத்திக்கொண்டது. வாடிக்கையாளரின் இழப்புப் பொறுப்பு பற்றி ரிசர்வ் வங்கி 2017இல் வெளியிட்ட சுற்றறிக்கை அனுமதியற்ற பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே ஆனது. வராத பொருளுக்கு அட்டை நிறுவனங்களின் விதிகளும், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் உள்ளன.