கல்கத்தாச் சுரங்க இரயில்: மண்ணும் நகரமும்

1984ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், எஸ்பிளனேட் நிலையத்துக்கும் பவானிபூர் நிலையத்துக்கும் இடையே 3.4 கிலோமீட்டர் தொலைவுக்கு இந்தியாவின் முதல் சுரங்க இரயில் ஓடத் தொடங்கியது. அத்தடம் முழுமையும் நிறைவெய்தியது 1995 செப்டம்பர் 27இல்தான். 16.45 கிலோமீட்டர் நீளத் தடத்திற்கு, 1972இல் அடிக்கல் நாட்டியது முதல் ஏறத்தாழ 23 ஆண்டுகள் பிடித்தன. இத்தாமதத்தை நிருவாக மெத்தனத்திற்கு எடுத்துக்காட்டாகச் சுட்டிவிட்டுக் கடந்துசெல்வது எளிது. மெத்தனம் இருந்ததென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அந்நகரம் எந்த மண்ணின்மேல் நிற்கிறது, அம்மண் எம்முறையில் தோண்டப்பட்டது, தோண்டிய இடத்தின்மேல் யார் வாழ்ந்தனர் என்னும் மூன்றையும் சேர்த்து நோக்கினாலன்றி இவ்வரலாறு விளங்காது என்பது நம் கருத்து.

முதலில் மண். கல்கத்தா ஹூக்ளி ஆற்றின் வண்டலால் ஆகிய நிலம். மென்களியும் நுண்மணலும் அடுக்கடுக்காகக் கிடக்கும் இந்நிலத்தில், சிறிது தோண்டினாலே நீர் ஊறும். இலண்டனில் 1890இலேயே ஆழ்சுரங்கத்தில் மின்சார இரயில் ஓடியதற்கு, அந்நகரின் அடியிலிருந்த இறுகிய, நீர்புகாத களிமண் பெருந்துணை புரிந்தது. அத்தகைய மண்ணில் பயின்ற இலண்டன் பொறியாளர் ஹார்லி டால்ரிம்பிள்-ஹே என்பாரே 1921இல் கல்கத்தாவுக்கான முதல் சுரங்க இரயில் திட்டத்தை வகுத்தவர். நகரின் கிழக்கே பாக்மாரியிலிருந்து ஆற்றின் அடியாகச் சென்று ஹௌராப் பகுதியை எட்டுவதாக அது அமைந்தது. செலவு மிகுதி எனக் கைவிடப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1931இல், மின்கம்பிகளைக் கொண்டுசெல்வதற்காக அதே ஆற்றின் அடியில் ஒரு சிறு சுரங்கம் அமைக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவரும் அவரே. ஆக, திட்டத்தை முடக்கியது ஆற்றைவிடப் பணமே எனலாம்.

விடுதலைக்குப் பின்னர், முதலமைச்சர் பிதான் சந்திர ராய் பிரெஞ்சு வல்லுநர்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்வித்தார். அதுவும் பயன் தரவில்லை. இதற்கிடையில் பிரிவினையால் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த ஏதிலியரால் நகரம் பெருகியது. டிராமும் பேருந்தும் தாங்கவில்லை. 1969இல் இரயில்வே அமைச்சின்கீழ்த் தனித் திட்டப் பிரிவு அமைக்கப்பட்டது. சோவியத் வல்லுநர் துணையுடன் 1971இல் உருவான பெருந்திட்டம் ஐந்து தடங்களை, மொத்தம் 97.5 கிலோமீட்டருக்கு, முன்மொழிந்தது. அவற்றுள் டம்டம்–டாலிகஞ்ச் தடம் முதலில் தெரிவு செய்யப்பட்டு, 1972 டிசம்பர் 29இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார்.

தோண்டும் முறையே இவ்வரலாற்றின் மையம். பெரும்பகுதிக்கு 'வெட்டி மூடும்' முறை கையாளப்பட்டது. சாலையின் இருமருங்கும் ஆழமான குழி வெட்டி, அது சரியாதபடி பென்டனைட் குழம்பை நிரப்பி, பின் கான்கிரீட் ஊற்றிச் சுவர் எழுப்புவர். இரு சுவர்களுக்கும் இடைப்பட்ட மண்ணை அகழ்ந்து, உள்ளே சுரங்கப் பெட்டியைக் கட்டி, மேலே மீண்டும் சாலையை அமைப்பர். இம்முறையில் சாலையை மறைத்துக்கொண்டு வேலை செய்ய இயலாது. கழிவுநீர்க் குழாய், குடிநீர்க் குழாய், மின்கம்பி, டிராம் தண்டவாளம் ஆகியன யாவும் இடம் மாற்றப்பட வேண்டியிருந்தன. நகரின் முதன்மைச் சாலைகள் ஆண்டுக்கணக்கில் பிளந்து கிடந்தன. பெல்காச்சியாவுக்கும் ஷியாம்பஜாருக்கும் இடையில் மட்டும், இரயில் பணிமனை வளாகமும் கால்வாயும் குறுக்கிட்டமையால், அழுத்தக் காற்றின் துணையுடன் கேடயம் செலுத்திச் சுரங்கம் துளைத்தனர். அவ்விணைப்பு உருவாகும்வரை வடக்கே டம்டம்–பெல்காச்சியா என்னும் துண்டு தனித்து நின்றது. 1984 நவம்பரில் தொடங்கிய அச்சேவை 1992இல் நிறுத்தப்பட்டு, 1994இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. இத்தடத்தில் ஓடிய பெட்டிகள் சென்னைப் பெரம்பூர் தொழிற்சாலையில் கட்டப்பட்டவை என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருப்பது நன்று.

அடுத்து வந்த புதுமைகளைச் சுருக்கமாகவே கூறலாம். 2009–10இல் தடம் தெற்கே கவி சுபாஷ் வரை நீண்டது. 2010இல் குளிரூட்டப்பட்ட இரயில்கள் வந்தன. மறு ஆண்டு வில்லைகள் காந்தப்பட்டைச் சீட்டுகளின் இடத்தைப் பிடித்தன. குளிரூட்டப்படாத கடைசி இரயிலுக்கு, முதற்சேவை தொடங்கி 37 ஆண்டுகள் நிறைந்த 2021 அக்டோபர் 24 அன்று விடைகொடுத்தனர். தெற்கு நீட்சியில் நிலையங்களுக்கு இடப்பெயரை விடுத்து நஸ்ருல், சூர்யா சென் முதலியோரின் பெயர்களைச் சூட்டியது தனிக்கட்டுரைக்குரிய பொருள். ஊர் பேர் தேடும் புதிய பயணிக்கு அது இடர்ப்பாடே என்று மட்டும் இங்குச் சொல்லி அமைகிறோம்.

1921இன் கிழக்கு–மேற்குக் கனவு 2009இல் புதிய திட்டமாக மீண்டும் தொடங்கியது. இம்முறை முகப்பில் மண்ணின் அழுத்தத்தைச் சமன்செய்தபடியே முன்னேறும் துளையிடு இயந்திரங்கள் கிடைத்தன. 2017இல் ஹூக்ளியின் அடியில் 520 மீட்டர் நீளத்திற்கு இரட்டைச் சுரங்கம் அமைந்தது. 2024 மார்ச் 6இல் ஹௌரா மைதானம்–எஸ்பிளனேட் பகுதி திறக்கப்பட்டது. செய்தித்தாள்கள் ஆற்றையே போற்றின. உண்மையான சோதனையோ கரையில், முதலில் வகுத்த வழியை மாற்றி எஸ்பிளனேட் வழியே தடத்தைத் திருப்பியபின் அது கடக்க நேர்ந்த பௌபஜாரில் நிகழ்ந்தது. 2019 ஆகஸ்டு 31 அன்று அங்கு இயந்திரம் நீர் தாங்கிய மணற்படுகையைத் தாக்கியது. நீரும் மண்ணும் சுரங்கத்துள் பாய, மேலே நிலம் தாழ்ந்தது. துர்கா பிதுரி சந்திலும் அதன் அயலிலும் பழைய வீடுகள் இடிந்தன. நூற்றுக்கணக்கானோர் உடுத்த உடையோடு வெளியேற்றப்பட்டனர். 2022இல் இருமுறை மீண்டும் விரிசல்கள் தோன்றின.

இவ்விரு முறைகளையும் ஒப்பிடுங்கால் ஒன்று புலனாகிறது. வெட்டி மூடும் முறையில் துன்பம் வெளிப்படையானது. சாலையில் நடந்த ஒவ்வொருவரும் அதில் பங்கேற்றனர். ஆகவே அதனைப் பற்றி நகரமே முணுமுணுத்தது. துளையிடும் முறையில் நகரம் எதனையும் உணர்வதில்லை. தவறு நேரும்போது மட்டும், ஒரு சந்தின் வீட்டுக்காரரும் வாடகைக்குடியினரும் நகைப்பட்டறைக்காரரும் முழுச்சுமையையும் ஏற்கின்றனர். நவீனமயமாக்கலின் செலவுக் கணக்கில் இச்சுமை எந்தத் தலைப்பின்கீழ் எழுதப்படுகிறது என்னும் வினாவை, பொறியியல் வரலாற்றாசிரியர்கள் இன்னும் அழுத்தமாகக் கேட்டிருக்க வேண்டும்.

எஞ்சியிருந்த எஸ்பிளனேட்–சியால்தா இடைவெளி 2025 ஆகஸ்டு 22இல் திறக்கப்பட்டு, கிழக்கு–மேற்குத் தடம் ஒன்றாயிற்று. அதற்கு ஒரு மாதம் முன்னர், தெற்கு முனையிலுள்ள கவி சுபாஷ் நிலையத்தின் தூண்களில் விரிசல் கண்டு, திறந்து பதினைந்து ஆண்டுகளே ஆன அந்நிலையம் மூடப்பட்டது. அது சுரங்கத்தில் அமைந்த நிலையமன்று.