வாயில் தொடங்கும் கொப்புளம்

வாயில் புண் கண்டால் உடற்சூடு என்கிறோம். மணத்தக்காளிக் கீரை சமைத்து உண்கிறோம். சில நாள்களில் ஆறிவிடுகிறது. ஆறாத புண்ணின் வரலாறு வேறு. அவ்வரலாறுகளுள் ஒன்றை இங்குக் காண்போம்.

'பெம்பிகஸ்' என்னும் தோல்நோயின் பெயர், கொப்புளத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. நெடுநாள் நீடிக்கும் கொப்புள நோய்க்கு 1791இல் அப்பெயரை வழங்கியவர் ஜெர்மானிய மருத்துவர் விஹ்மன். தோலில் எழுந்ததே பெயராயிற்று. ஆனால் இதன் பெருவழக்கான வகையாகிய 'பெம்பிகஸ் வல்காரிஸ்' நோயாளிகளுள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதற்புண் தோன்றுவது வாயில்தான். தோலில் கொப்புளம் எழ மாதக்கணக்கில் ஆகலாம். வாயிலோ கொப்புளம் நிலைப்பதில்லை. உணவும் பல்லும் உரச, மெல்லிய மேற்படலம் உடைந்து வெறும் புண்ணே எஞ்சுகிறது. பெயருக்குக் காரணமான கொப்புளம் கண்ணிற் படாத இடத்திலேயே நோய் தொடங்குகிறது என்பதுதான் இதன் முரண்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கீவ் நகர மருத்துவர் நிக்கோல்ஸ்கி, இந்நோயினத்தில் தோலை விரலால் அழுத்தித் தேய்த்தால் மேலடுக்கு வழுகிப் பிரிவதைக் குறித்தார். செல்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்வதே காரணம் என்பதை 1943இல் பிரெஞ்சு மருத்துவர் சிவாத் தெளிவுபடுத்தினார். இவ்வடையாளத்தைக் கொண்டு 1953இல் வால்டர் லீவர், 'பெம்பிகாய்டு' என்ற நோயைத் தனியே பிரித்தார். அதில் மேற்தோல் முழுவதுமாக அடியிலிருந்து விலகுகிறது. வாய் பாதிக்கப்படுவதும் குறைவு.

பிடியைத் தளர்த்துவது எது? 1964இல் பஃபலோ நகரில் பியூட்னரும் ஜோர்டனும் நோயாளிகளின் குருதியில் விடை கண்டனர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருள்களே அதன் செல்களைத் தாக்கின. தாக்கப்படும் புரதம் எதுவென 1991இல் அமகாயும் ஸ்டான்லியும் அறிந்தனர். இன்று அதனை டெஸ்மோகிளீன் 3 என்கிறோம். வாயின் உட்படலம் பெரிதும் இந்த ஒரு புரதத்தையே நம்பி நிற்கிறது. தோலுக்கோ டெஸ்மோகிளீன் 1 என்ற துணையும் உண்டு. 3 மட்டும் தாக்கப்படும்போது தோல் தாங்குகிறது, வாய் புண்ணாகிறது. இரண்டும் தாக்கப்பட்டால் தோலும் பிரிகிறது.

1950களில் ஸ்டீராய்டு மருந்துகள் வரும்வரை இந்நோயுற்றோர் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள் இறந்தனர். 2018இல் அமெரிக்க அரசு ரிட்டுக்சிமாப் என்ற மருந்தையும் இதற்கு ஏற்றது. இன்று பலர் நலமுடன் வாழ்கின்றனர்.

எனினும் ஓர் இடைவெளி எஞ்சுகிறது. வாய்ப்புண்ணோடு வருபவர் பல் மருத்துவரையும் பொது மருத்துவரையும் மாறிமாறிப் பார்க்கிறார். சத்து மாத்திரையோடு மாதங்கள் கழிகின்றன. தோல் மருத்துவரிடம் அவர் போவது தோலில் கொப்புளம் எழுந்த பின்னரே. புண்ணின் ஓரத்திலிருந்து எடுக்கும் சிறு தசைத்துணுக்கு முன்னரே உண்மையைச் சொல்லியிருக்கும். மூன்று வாரம் கடந்தும் ஆறாத வாய்ப்புண்ணைச் சூடு என்று ஒதுக்காதிருப்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம்.