கழித்த எலும்பு

தாமிரபரணிக் கரையில் பிறந்த எனக்கு எலும்பு என்றதும் ஆதிச்சநல்லூர்தான் நினைவுக்கு வரும். 1876-இல் ஜாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் அந்தப் பறம்பைத் தோண்டித் தாழிகளிலிருந்து எடுத்த எலும்புகள் எத்தனையோ நூற்றாண்டு மண்ணில் கிடந்தவை. செத்த எலும்புக்கு இத்தனை ஆயுள். உயிருள்ள எலும்போ சில ஆண்டுகளிலேயே கரைந்துபோவதுண்டு!

1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி, உலோகத் தண்டும் பாலிஎதிலீன் கிண்ணமும் கொண்டு இடுப்பு மூட்டை மாற்றினார். நடக்க முடியாதவர்கள் நடந்தார்கள். ஆனால் கிண்ணம் தேயத் தேய உதிர்ந்த துகள்களை அழிக்கப் புறப்பட்ட உடம்பு, தன் எலும்பையே அரித்துக்கொண்டது. மூட்டு ஆடத் தொடங்கிற்று. மறுபடி பொருத்தலாமென்றால் பிடிப்புக்கு எலும்பில்லை.

வாய்க்கால் கரை உடைந்தால் நம் விவசாயி என்ன செய்வான்? மண்ணைக் கொட்டித் திமிசு போடுவான். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஸ்லூஃப் குழுவினர் கையாண்டு, 1984-இல் எழுதி வெளியிட்ட முறையும் அதுதான். வேறொருவருக்கு மூட்டு மாற்றுகையில் கழித்த தொடையெலும்புத் தலையைப் பாதுகாத்து வைத்து, துண்டு துண்டாக்கி, பள்ளத்தில் இடித்து இறுக்கினார்கள். அந்நிய எலும்பு சாரமாக நிற்க, அதைப் பற்றிக்கொண்டு சொந்த எலும்பு மெல்ல வளர்ந்தது.

எல்லாக் கரையும் நிலைப்பதில்லை. கிருமி புகுந்தால் அத்தனையும் பாழ். ஆயினும், மாண்டவர் எலும்பைத் தாழியிலிட்டுக் காத்த மண் இது. கழித்த எலும்பை இருப்பவருக்காகக் காத்துக் கொடுப்பது நமக்குப் பெரிய காரியமா என்ன?