சொல் தேடும் நெறி: நிகண்டு முதல் கணிப்பொறி வரை

அகராதியைச் சேமித்து வைத்தல் வேறு. அதனுள் வேண்டிய சொல்லை விரைந்து காணுதல் வேறு. இவ்விரண்டாவது தொழிலின் வரலாறு தமிழில் நீண்டது. இன்று கணிப்பொறி வல்லுநர் எதிர்கொள்ளும் வினாக்களுட் சில அவ்வரலாற்றில் முன்னரே எழுந்தவை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

திவாகரமும் பிங்கலமும் சொற்களைத் தேவர், மக்கள், விலங்கு, மரம் எனப் பொருள்வகையால் தொகுத்தன. அவை மனனம் செய்தற்குரியன. மாணாக்கன் நெஞ்சமே ஏடு. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியோ ஒருசொற் பல்பொருட் பெயர்களை எதுகை முறையில், அதாவது இரண்டாம் எழுத்தை அடையாளமாகக் கொண்டு வகுத்தது. சிதம்பர இரேவண சித்தர் 1594இல் இயற்றிய அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையைக் கைக்கொண்டது. அடுத்தடுத்த எழுத்துகளையும் வரிசையுள் அடக்கிய பெருமை, 1732இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதிக்கு உரியது.

முழுவரிசை அமைந்தாலன்றிப் பாதியாகப் பகுத்துத் தேடுதல் இயலாது. நடுச்சொல்லை நோக்கி, வேண்டிய சொல் அதற்கு முன்னதோ பின்னதோ எனக் கண்டு, ஒரு பாதியை விலக்கிச் செல்வது அம்முறை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் சொற்கள் நூறாயிரத்திற்கு மேற்பட்டன. எனினும் 17 ஒப்பீடுகளுள் எச்சொல்லையும் எட்டலாம். பிறிதொரு முறையும் உண்டு. சொல்லின் எழுத்துகளினின்று ஓர் எண்ணைக் கணித்து, அவ்வெண்ணுக்குரிய அறையில் சொல்லை இடுவது அது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த லூன் என்பார் 1953இல் இதனை எடுத்துரைத்தார். எதுகைத் தொகுதியைப் பயின்றவர்க்கு இது முற்றும் அயலன்று.

இனி, இடர்ப்பாடு யாண்டு உளது? 1991இல் ஒருங்குறியில் இடம்பெற்ற தமிழெழுத்துகள், 1988ஆம் ஆண்டின் இந்தியக் குறியீட்டு முறையைப் பின்பற்றி, தேவநாகரி வரிசையைத் தழுவி அமைந்தன. ஆதலின் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. ளகரமும் ழகரமும் வகரத்தை முந்துகின்றன. 'கமலம்' முன்னும் 'கனி' பின்னும் வருதல் நம் நெடுங்கணக்கின் முறை. குறியீட்டெண்ணால் ஒப்பிடும் பொறிக்குக் 'கனி'யே முற்படும். லெக்சிகனில் 'அகம்' என்பதற்கு முன் நிற்கும் 'அக்கம்', புள்ளியின் எண் பெரிதாதலின், பின்னே தள்ளப்படும். லெக்சிகன் வரிசையிற் சேமித்த சொற்களை இவ்வெண்களால் ஒப்பிட்டுத் தேடினால், உள்ள சொல்லையே இல்லையெனப் பொறி கூறக்கூடும். நெடுங்கணக்கு முறையைத் தனியே வரையறுத்துப் பொறிக்கு அளித்தலே இதற்குத் தீர்வு. அவ்வரையறை தமிழாசிரியர் செய்யவேண்டிய பணி என்பது எம் துணிபு. பொறிவல்லாரிடம் முற்றும் விட்டுவிடத்தக்கதன்று.

வேற்றுமை ஏற்ற சொல்லைத் தேடுதல் இதனினும் அரிது. யாம் தமிழ் பயிற்றும் பென்னாகரத்தின் பெயரையே கொள்வோம். 'பென்னாகரத்திற்கு' என்பதில் ஈற்று மகரம் கெட்டது, அத்தும் இன்னும் சாரியையாக வந்தன, குவ்வுருபு நின்றது. 'த்திற்கு' என்பதை நீக்கி மகரமெய் சேர்ப்பின் ஊர்ப்பெயர் கிட்டும். அவ்விதியையே 'எழுத்திற்கு' என்பதன்மேற் செலுத்தினால் 'எழும்' என்று முடியும். அப்படியொரு பெயர்ச்சொல் இல்லை. ஆதலின் பொறி, 'எழும்', 'எழுத்து' என்னும் இரண்டையும் ஆக்கி, அகராதியின் பெயர்ச்சொற்களுள் இருப்பதைத் தேர்தல் வேண்டும். மகர ஈற்றுப் பெயர் அத்துப் பெறுதலைத் தொல்காப்பியர் உருபியலில் விதந்து ஓதினார். அவ்வியலைக் கணிப்பொறி கற்பார்க்கும் பாடமாக வைத்தல் வேண்டும் என்க.