குந்தியும் குந்த்தும்: நீலக்குறிஞ்சியின் அறிவியற்பெயர் வந்த வழி

நீலக்குறிஞ்சி பூக்கும் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு விளக்கம் தவறாமல் அச்சேறுகிறது. ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்னும் அதன் அறிவியற்பெயரின் பிற்பகுதி, அமைதிப் பள்ளத்தாக்கின் வழியே ஓடும் குந்திப்புழையிலிருந்து வந்தது என்பதே அது. சுற்றுலாக் கையேடுகள் இதைச் சொல்கின்றன, நாளிதழ்கள் சொல்கின்றன, சில பாடநூல்களும் ஆய்வேட்டு முன்னுரைகளும்கூடச் சொல்கின்றன. கேட்பதற்கு இனிய விளக்கம்தான். மலை, ஆறு, பாண்டவரின் தாய், பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை மலரும் பூ என எல்லாம் ஒரு கதைக்குள் அழகாக அமர்ந்துகொள்கின்றன. ஆனால் அந்தப் பெயர் பிறந்த இடத்தில் ஆறும் இல்லை, குந்தியும் இல்லை.

பெயர் முதன்முதலில் அச்சான ஆண்டு 1832. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராயிருந்த டேனியர் நதானியேல் வாலிக், கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரத் தொகுப்பைப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு 1828இல் லண்டன் போய்ச் சேர்ந்தார். அத்தொகுப்புக்கு அவர் எழுதிய எண்வரிசைப் பட்டியல் 9,000 பதிவுகளைக் கடந்தது. ஒரு மனிதர் வாழ்நாளில் விவரித்து முடிக்கக்கூடிய அளவன்று அது. எனவே குடும்பம் குடும்பமாகப் பிரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். முள்ளிக் குடும்பமாகிய அகாந்தேசியே, அப்போது பிரெஸ்லாவில் பேராசிரியராயிருந்த நீஸ் ஃபான் எசென்பெக் என்பவரின் மேசைக்குப் போயிற்று. வாலிக்கின் 'பிளான்டே ஆசியாட்டிகே ரேரியோரெஸ்' என்னும் படநூலின் மூன்றாம் தொகுதியில் நீஸ் அக்குடும்பத்தின் இந்தியச் சிற்றினங்களை விவரித்தார். அங்கேதான் தென்னிந்திய மலைகளின் குறிஞ்சி, ஃப்ளெபோஃபில்லம் குந்தியானம் என்ற பெயரில் அறிவியலின் ஏட்டில் ஏறியது.

அந்தப் பெயரின் முற்பகுதியைக் கவனிக்க வேண்டும். ஃப்ளெப்ஸ் என்பது கிரேக்கத்தில் நரம்பு. ஃபில்லோன் என்பது இலை. நரம்பிலைச் செடி என்று பொருள். நீலம் அதில் இல்லை. மலைச்சரிவையே நிறம் மாற்றும் ஒரு பூவுக்குப் பெயர் வைத்தவர் இலையின் நரம்பைத்தான் கண்டார். இதில் வியப்பில்லை. அவர் முன்னிருந்தது மலையன்று. தாளில் ஒட்டி உலர்ந்த ஒரு கிளை. உலர்ந்த மாதிரியில் குறிஞ்சியின் நீலம் மங்கிப்போகும். புடைத்த இலைநரம்புகளோ அப்படியே நிற்கும். இந்தியாவில் காலடி வைக்காத ஒருவர் கையிலிருந்ததை நேர்மையாக விவரித்தார் என்றே கொள்ளத் தகும்.

பிற்பகுதி ஒரு மனிதரின் பெயர். கார்ல் சிகிஸ்மண்ட் குந்த் (1788–1850) பெர்லினில் தாவரவியல் பேராசிரியராயிருந்தவர். ஹம்போல்ட்டும் போன்ப்லாந்தும் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த செடிகளைப் பாரீசில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து விவரித்து, 1815 முதல் 1825 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்டதே அவருடைய பெரும்பணி. அவரும் இந்தியாவைக் கண்டதில்லை. தற்செயலாக, அவர் மறைந்த 1850 குறிஞ்சி பூக்கும் ஆண்டாக அமைந்தது.

குழப்பம் எழுத்துக்கூட்டலில் பிறந்தது. ஜெர்மானியர் தம் பழைய எழுத்துமுறையில் எழுதிய 'தி', 'எச்' என்னும் இரட்டையெழுத்து அவர்கள் வாயில் வெறும் 'ட்' ஒலிதான். தென்னிந்தியரோ ரோமன் எழுத்தில் அதே இரட்டையெழுத்தைத் 'த' ஒலிக்கு வைத்துக்கொண்டனர். அதனால் பெர்லின் பேராசிரியரின் பெயரும் பாலக்காட்டு மலையாற்றின் பெயரும் தாளில் ஒன்றுபோல் தோன்றுகின்றன, நாவில் ஒன்றல்ல. தமிழில் 'குந்த்' என்று எழுதுவதும் கண்ணால் வாசித்த வழக்கே. பெயரின் இலக்கணமும் வேறு சான்று தருகிறது. மெய்யெழுத்தில் முடியும் ஆட்பெயரைப் பெயரடையாக்கும்போது 'இயானா', 'இயானம்' போன்ற ஈறுகள் சேரும். இடப்பெயரைக் குறிக்க விரும்பும் தாவரவியலார் பெரும்பாலும் 'என்சிஸ்' என்ற ஈற்றையே எடுப்பர். இனி, குந்திப்புழை நாடறிந்த பெயரானது 1970களில் அமைதிப் பள்ளத்தாக்கு அணைத்திட்ட எதிர்ப்பின்போதுதான். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் பிரெஸ்லாவில் எழுதப்பட்ட பெயருக்குள் அந்த ஆற்றைப் புகுத்துவது, பிற்கால நினைவை முற்காலத்தின் மேல் ஏற்றுவதாகும்.

நீஸின் விவரிப்பில் இல்லாத முதன்மையான செய்தி ஒன்று உண்டு. அதுதான் இச்செடியைப் பற்றி மலைமக்கள் முதலில் சொல்லக்கூடியது. இது பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து, ஒரே பருவத்தில் மலை முழுதும் பூத்து, விதைத்து, மடியும் புதர். முதுவர் தம் அகவையைக் குறிஞ்சிப் பூப்பைக் கொண்டு கணக்கிட்டனர் என்ற செய்தி பரவலாகப் பதிவாகியுள்ளது. ஏட்டில் எழுதப்பட்ட பூப்பாண்டு வரிசையோ 1838இல்தான் தொடங்குகிறது. 1850, 1862 எனத் தொடர்ந்து 2006, 2018 வரை வருகிறது. அதிலிருந்து பின்னோக்கி ஒரு சுற்றைக் கழித்தால் 1826 வரும். ஜான் சல்லிவன் நீலமலை ஏறிய 1819க்குப் பின், வாலிக் கப்பலேறிய 1828க்கு முன், பெரும்பூப்பு நிகழக்கூடிய ஒரே ஆண்டு அது. நீஸின் மேசையை அடைந்த கிளை அந்தப் பருவத்தில் ஒடிக்கப்பட்டதாக இருக்கலாம். பருவம் தவறி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும் செடிகளும் உண்டென்பதால் இதை உறுதியாகக் கூற இயலாது. ஆயினும் கணக்கு பொருந்துகிறது. சங்க இலக்கியம் ஒரு திணைக்கே பெயராக வைத்த பூ, இவ்வாறு ஐரோப்பாவுக்குள் நுழைந்தது.

இதே காலத்தில் நேர்மாறான ஒரு பெயரிடலும் நடந்தது. சென்னை மாகாணத்தின் செடிகளை ஆராய்ந்த ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை வெளியிட்ட 'ஐகோனெஸ்' தொகுதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவருக்காக வரைந்த தென்னிந்திய ஓவியர்களுள் ரங்கையா, கோவிந்து என்னும் இருவரின் பெயர்கள் எஞ்சியுள்ளன. வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயா' என்று ஓவியரின் பெயரையே சூட்டினார். அக்காலத்தில் அரிய செயல் அது. ஆனால் அந்தச் செடி ஏற்கெனவே பெயரிடப்பட்ட ட்ரோபிடியா என்னும் பேரினத்துக்குள் அடங்குவது பின்னர் தெரிந்தது. கோவிந்தூயா இணைப்பெயராகிப் பட்டியலின் அடியில் போயிற்று. முந்துரிமை விதி யார்மீதும் காழ்ப்புக் கொண்டதன்று. எனினும் இந்தியாவைக் காணாத குந்த் நிலைத்தார். செடியைக் கண்ணெதிரே வைத்து வரைந்த கோவிந்து நிலைக்கவில்லை.

குறிஞ்சியின் பெயரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜாவாவில் பணிபுரிந்த ப்ளூமே 1826இலேயே ஸ்ட்ரோபிலாந்தஸ் என்னும் பேரினத்தை நிறுவியிருந்தார். பைன்காயைப் போன்ற பூங்கொத்து என்பது அதன் பொருள். கல்கத்தா தோட்டத்தின் பிற்காலக் கண்காணிப்பாளர் தாமஸ் ஆண்டர்சன், நீஸின் நரம்பிலைச் செடி இந்தப் பேரினத்தைச் சேர்ந்ததே என்று கருதினார். நீஸ் பெயரிட்ட அதே 1832இல் பிறந்த அவர் 1870இல், நாற்பதை எட்டாமலே இறந்தார். அவருடைய கருத்தை ஏற்று முறைப்படி வெளியிட்டவர் ஜார்ஜ் பெந்தம். அதனால்தான் இன்று பெயருக்குப் பின்னால் மூவர் வரிசையாக நிற்கின்றனர்: அடைப்புக்குள் நீஸ், அடுத்து ஆண்டர்சன், பிறகு 'எக்ஸ்' என்னும் இலத்தீன் இடைச்சொல்லோடு பெந்தம். மாணவர்கள் இவ்வரிசையை மனப்பாடம் செய்கிறார்களே தவிர, அது ஒரு சிறு வரலாற்றுச் சுருக்கம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அடைப்புக்குள் இருப்பவர் மூலப்பெயரைத் தந்தவர். 'எக்ஸ்' என்பதற்கு முன் இருப்பவர் கருத்தளித்தவர். பின் இருப்பவர் அச்சேற்றியவர்.

பெயரின் பாலும் மாறியது. ஃப்ளெபோஃபில்லம் அலிப்பால் ஆதலால் குந்தியானம் என்றிருந்தது. பல பழைய இந்திய நூல்கள் ஸ்ட்ரோபிலாந்தஸை ஆண்பாலாகக் கொண்டு குந்தியானஸ் என்று எழுதின. 'ஆந்தஸ்' என்று ஒலிக்கும் இவ்வகை ஈறுடைய பெயர்கள் பெண்பால் என்று பன்னாட்டு நெறிமுறை வகுத்திருப்பதால் இன்று குந்தியானா. மூன்று வடிவங்களும் இணையத் தரவுத்தளங்களில் உலவுகின்றன. ஒரு வடிவத்தை மட்டும் தேடும் ஆய்வாளர் மற்றவற்றின் கீழ் உள்ள பதிவுகளை இழக்கிறார்.

இதைவிடப் பெரிய பிளவு 1944இல் நேர்ந்தது. ஆக்கிரமிப்பிலிருந்த நெதர்லாந்தில் ப்ரெமெகாம்ப், மகரந்தத் துகளின் அமைப்பை முதன்மைச் சான்றாகக் கொண்டு, ஸ்ட்ரோபிலாந்தஸையும் அதன் உறவினங்களையும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரினங்களாகப் பிரித்தார். நில்கிரியாந்தஸ் அவர் படைத்த பேரினங்களுள் ஒன்று. ஃப்ளெபோஃபில்லத்துக்கும் மீண்டும் உயிர் வந்தது. இந்தியத் தாவர நூல்கள் பலவும் இந்தப் பிரிப்பை ஏற்றன. உலர்தாவரகங்களின் தாள்களில் இன்றும் அப்பெயர்களைக் காணலாம். 2002இல் மார்க் கரைனும் ராபர்ட் ஸ்காட்லாண்டும் மூலக்கூற்றுச் சான்றுகளையும் புறவடிவச் சான்றுகளையும் ஒப்பிட்டு, இந்தப் பிரிவுகள் பெரும்பாலும் நிற்கமாட்டா என்று காட்டினர். இப்போது ஸ்ட்ரோபிலாந்தஸ் ஒரே விரிந்த பேரினம்.

ப்ரெமெகாம்பைக் குறை சொல்வது எளிது. ஆனால் இந்தப் பேரினத்தை வகைப்படுத்துவதில் ஓர் இடர் உண்டு. பூவும் கனியும் இல்லாத கிளையைக் கொண்டு சிற்றினத்தை உறுதிசெய்வது கடினம். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் செடியை ஒரு தாவரவியலாளர் தம் பணிக்காலத்தில் இரண்டு முறை, வாய்த்தால் மூன்று முறை, பூவோடு காண்பார். இடைப்பட்ட ஆண்டுகளில் மலையேறுபவர்கள் திரட்டுவது இலை மட்டுமே. 1958க்குப் பிறகு வெளியிடப்படும் எந்தப் புதிய சிற்றினத்துக்கும் வகைமாதிரி ஒன்றைச் சுட்டியாக வேண்டும் என்பது விதி. இந்தக் குழுவில் அப்படிப்பட்ட மாதிரிக்காகக் காத்திருப்பது சில சமயம் ஒரு முனைவர் பட்டக் காலத்தைவிட நீண்டது. 1935 முதல் 2011 வரை விவரிப்பை இலத்தீனில் எழுதும் கட்டாயமும் இருந்தது. இன்று ஆங்கிலமும் போதும். பூவுக்குக் காத்திருப்பதை மட்டும் எந்த நெறிமுறையாலும் தளர்த்த முடியவில்லை.

பெயர்கள் இவ்வாறு இடம் மாறிக்கொண்டிருந்த காலத்திலேயே செடியின் இடமும் சுருங்கியது. சோலைக்காட்டை ஒட்டிய மலைப்புல்வெளிகளைத் தரிசு என்று கணக்கெழுதித் தேயிலையும் தைலமரமும் சீகையும் நட்டனர். பூக்காத ஆண்டுகளில் குறிஞ்சிப் புதர் கண்ணில் படும் அழகுடையதன்று. ஆகவே அழிவும் கண்ணில் படவில்லை. கேரள அரசு 2006இன் பூப்பை ஒட்டி இடுக்கி மாவட்டத்தில் 3,200 ஹெக்டேரில் குறிஞ்சிமலைக் காப்பகத்தை அறிவித்தது. அதன் எல்லைகளைப் பற்றிய வழக்காடல் அடுத்த பூப்பு வரை நீண்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இச்சிற்றினம் 'அழிவுக்கு இலக்காகக்கூடியது' என்ற நிலையில் இடம்பெற்றது 2024இல்தான். நீஸ் பெயரிட்டு 192 ஆண்டுகளுக்குப் பின். அத்தகைய மதிப்பீடு பழைய மாதிரிகள் எங்கெங்கே எடுக்கப்பட்டன என்பதை ஆராய்ந்தே எழுதப்படுகிறது. அம்மாதிரிகளோ ஃப்ளெபோஃபில்லம் என்றும் ஸ்ட்ரோபிலாந்தஸ் என்றும், குந்தியானம், குந்தியானஸ், குந்தியானா என்றும் எழுதப்பட்ட வெவ்வேறு உறைகளில் பிரிந்து கிடக்கின்றன. கணக்குப்படி அடுத்த பெரும்பூப்பு 2030இல். அதற்குள் அந்த உறைகளைத் திறந்து ஒன்றுசேர்க்கும் வேலை, பெரும்பாலும் முதுகலை மாணவர்களின் கைகளுக்கே வரும்.