அயற்கோளின் கண்: வெல்ஸ் முதல் லியூ சிசின் வரை

பிற கோள்களில் வாழும் அறிவுயிர்கள் நிலவுலகை நோக்கிக்கொண்டிருக்கின்றன என்னும் கற்பனை, அறிவியல் புனைகதையில் நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து வருகிறது. அவ்வுயிர்கள் கையாளும் கருவிகள் பெரும்பாலும் அவ்வக்காலத்து ஆய்வகக் கருவிகளின் நீட்சியே என்பது பலரும் அறிந்தது. அப்பார்வையின் திசை அத்துணை கவனிக்கப்பெறவில்லை. காண்பவரும் காணப்படுபவரும் ஒருவரையொருவர் காணும் நிலை தொடக்கத்தில் இருந்து, பின்னர் மறைந்தமையை இக்கட்டுரை மூன்று ஆசிரியர்தம் படைப்புகள் வழி ஆராய்கிறது.

1877-இல் மிலான் நகரத்து வானியலறிஞர் ஸ்கியாபரெல்லி செவ்வாயின் மேற்பரப்பில் கண்ட கோடுகளைக் 'கனாலி' என்றார். இயற்கையான நீர்த்தடத்தையும் குறிக்கும் இவ்வித்தாலியச் சொல், ஆங்கிலத்தில் வெட்டப்பட்ட கால்வாய் என்னும் பொருளில் பெயர்க்கப்பட்டது. மொழிபெயர்ப்பு வழு ஒன்று ஓர் இலக்கிய வகைக்கே உரமாயிற்று எனலாம். 1894-இல் அரிசோனாவில் ஆய்வகம் நிறுவிய பெர்சிவல் லோவெல், அக்கால்வாய்களை வெட்டிய இனம் ஒன்று உண்டென மறு ஆண்டே நூல் எழுதினார். நாம் அவர்களைக் காண இயலுமாயின் அவர்கள் நம்மைக் காணலாகாதோ என்னும் வினா இயல்பாகவே எழுந்தது.

எச். ஜி. வெல்ஸ் 1897-இல் இவ்வினாவிற்கு இருவகையில் விடை தந்தார். அவ்வாண்டு தொடராக வந்து 1898-இல் நூலான 'உலகங்களின் போர்' கதையில், செவ்வாயினர் நம்மை நோக்குவது நுண்ணோக்கியில் நீர்த்துளியின் சிற்றுயிர்களை மனிதன் நோக்குவதோடு ஒப்பிடப்படுகிறது. ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றவர் வெல்ஸ் என்பது இங்கு நினைக்கத்தக்கது. அதே அதிகாரத்தில் தாஸ்மானியப் பழங்குடியினர் ஐரோப்பியரால் அழிக்கப்பட்டதை அவர் நினைவூட்டுவதால், அயற்கோளின் கண் பேரரசின் கண்ணே என்பது வெளிப்படை.

மற்றொரு விடை 'பளிங்கு முட்டை' என்னும் சிறுகதை. பெரும்புகழ் பெறாத இக்கதையே நம் நோக்கிற்கு இன்றியமையாதது. இலண்டனில் பழம்பொருட்கடை வைத்திருக்கும் கேவ் என்பவர், தம்மிடமுள்ள பளிங்கினுள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நோக்கும்போது, சிறகுடைய உயிர்களும் அகன்ற சமவெளியும் வானில் இரு சிறு நிலவுகளும் காண்கிறார். அங்கே உயர்ந்த கம்பங்களின் உச்சியில் இதே போன்ற பளிங்குகள் உள்ளன. ஒருநாள் பெருவிழிகளையுடைய முகமொன்று மிக அணுக்கத்தில் தோன்றுகிறது. அங்குள்ளோரும் இங்கே நோக்குகின்றனர்! நம்மை அறியவே செவ்வாயினர் அப்பளிங்கை அனுப்பியிருத்தல் கூடும் எனக் கதைசொல்லி கருதுகிறார். எனினும் அஃது ஒருவழிக் கருவியன்று. கேவும் அவருடைய நண்பரும் விளக்கேற்றிக் கைச்சைகை காட்டவும் முயல்கின்றனர், பயனில்லை. கண்காணிப்பு என்றதும் பெந்தாமின் சிறைக்கூட வடிவமும் அதனைப் பற்றிய ஃபூக்கோவின் விளக்கமும் நினைவிற்கு வருதல் வழக்கமாகிவிட்டது. அச்சட்டகம் இக்கதைக்குப் பொருந்தாது. சிறைக்கூடத்தில் காவலன் காணப்படுவதில்லை. இங்கோ காவலனின் ஊரே காணப்படுகிறது.

அரை நூற்றாண்டின் பின் ஆர்தர் சி. கிளார்க் 1948-இல் எழுதி 1951-இல் வெளியான 'காவலாள்' கதையில் இவ்விருவழி அறுபடுகிறது. கிளார்க் போர்க்காலத்தில் பிரித்தானிய வான்படையில் ராடார் துறையில் பணியாற்றியவர். நிலவின் மலையுச்சியில் பல்லூழிக்கு முன் நிறுவப்பட்ட பளபளக்கும் கூம்பகம் ஒன்று இடையறாது குறிப்பலை அனுப்பிக்கொண்டிருக்கிறது. மனிதர் அணுவாற்றலால் அதனை உடைக்க, அலை நின்றுவிடுகிறது. அவ்வமைதியே செய்தி. இக்கருவி நம் முகத்தையோ மொழியையோ அறியாது. நிலவை எட்டுமளவு வளர்ந்தோமா என்ற ஒன்றை மட்டுமே அறியும். 1968-இல் வெளியான '2001' திரைப்படத்தின் கருங்கல், மனிதர் அகழ்ந்தெடுத்தபின் ஞாயிற்றொளி பட்டதும் குறிப்பலை எழுப்புவது இதன் வளர்ச்சியே.

சீன எழுத்தாளர் லியூ சிசின் 2006-இல் தொடராகவும் 2008-இல் நூலாகவும் வெளியிட்ட 'மூவுடல் சிக்கல்', கருவியைப் புரோட்டான் அளவிற்குச் சுருக்குகிறது. புரோட்டானை இரு பரிமாணத் தளமாக விரித்து, அதன்மேல் மின்சுற்றுகளைப் பொறித்து, மீண்டும் சுருட்டி நிலவுலகிற்கு அனுப்புகின்றனர். சீன மொழியில் 'ஷீட்ஸு' என்னும் அதன் பெயர் புரோட்டானைக் குறிக்கும் சொல்லோடு ஒலியொப்புமை உடையது. முதலெழுத்தோ அறிவைச் சுட்டுவது. தமிழில் 'அறிதுகள்' எனலாம். சிலேடை மட்டும் கைவிட்டுப் போகும். அறிதுகள் குவாண்டப் பிணைப்பின் வழி நொடியில் செய்தி அனுப்புவதாகக் கதை கூறுகிறது. பிணைப்பினால் மட்டும் செய்தி அனுப்ப இயலாது என்பதே இயற்பியலின் முடிவு. ஆயினும் புனைவின் தேவை வேறு. எல்லா உரையாடலையும் எல்லாக் கணிப்பொறியையும் படிக்கும் இக்கண்ணை மனிதர் திரும்பி நோக்கவியலாது. வெல்ஸின் பளிங்கு இங்கே முற்றிலும் அடைபட்டுவிட்டது.

அறிதுகளால் படிக்கவியலாதது ஒன்றுண்டு. அது மனித மனம். அதனை உருவாக்கிய இனத்தாரின் எண்ணங்கள் ஒருவருக்கொருவர் வெளிப்படையானவை. நினைத்தலும் உரைத்தலும் அவர்களுக்கு ஒன்றே. ஆகவே உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுதல் அவர்கள் அறியாதது. 2008-இல் வந்த இரண்டாம் பாகமான 'இருள் காடு' நூலில் மனிதகுலம் நால்வரைத் தேர்ந்து, பெயர்களை வெளிப்படையாக அறிவித்து, பெரும் வளங்களை அவர்களிடம் ஒப்படைக்கிறது. தம் திட்டத்தை அவர்கள் எவரிடமும் சொல்லலாகாது, எழுதியும் வைக்கலாகாது.